தலைச்சோலை கோயில் பெட்டி

பெயர் அருள்சாமி, வயது 54, தகப்பனார் பெயர் மரியஅந்தோணி, தலைச்சோலை கிராமம், ஏற்காடு. தொழில், எங்கள் ஊர் மாதா கோயிலில் உபதேசியார். சென்னைக் கலைக்கூடம் ஒன்றின் கார் கண்ணாடியை ஆரோக்கியதாஸ் என்பவர் கல்லால் உடைத்தது சம்பந்தமாக இன்று என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது:

எங்கள் ஊருக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, சாவுமணி அடிப்பது, கோயில் சாவி வைத்திருப்பது எல்லாம் நானே. கோயிலில் பலாப்பலகையில் செய்த சவப்பெட்டி ஒன்று இருந்தது. எங்களில் யார் இறந்தாலும் அதில் வைத்துத்தான் கல்லறைக்குத் தூக்கிப்போவோம். உடலைக் குழியில் இறக்கிய பின்பு பெட்டி கோயிலுக்குத் திரும்பிவிடும். என் தகப்பனாரும் அதில்தான் போனார்.

1990 கோடை விழாவின்போது மேற்படி கலைக்கூடத்தைச் சேர்ந்த நல்லமுத்து என்பவர் கோயிலைப் பார்க்க வந்தார். பெட்டியைக் கண்டதும் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுபத்து நான்கில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் அந்தக் கலைக்கூடத்தைத் தொடங்கியதாகவும், கூரை ஒழுகும்போதெல்லாம் படங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியதாகவும், இப்போதுதான் சொந்தக் கட்டடம் எழும்பியிருப்பதாகவும், அதன் முதல் கூடத்தில் இந்தப் பெட்டி நிற்க வேண்டும் என்றும் சொன்னார். பதிலுக்குப் புதுப்பெட்டி செய்து அனுப்புவதாகச் சொன்னார். கொடுத்தவர் என்று என் பெயரைச் சுவரில் எழுதுவதாகவும் சொன்னார். அங்கேதான் நான் விழுந்தேன். சாமியாரிடமும் கேட்கவில்லை, ஊரிடமும் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, பெட்டி ஆட்டம் கண்டதால் சேலத்துக்கு ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

அதன் பின்பு கலைக்கூடத் திறப்பு விழாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி உள்ளே பல்பு போட்டிருந்தார்கள். சுவரில் என் பெயர் இருந்தது. அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். சே, இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அதன் பின்பு ஐப்பசி மழையில், காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் மேற்படி ஆரோக்கியதாஸின் மனைவி செல்வமேரி காமாலை கண்டு இறந்துபோனார். ஆரோக்கியதாஸ் நனைந்துகொண்டே வந்து, "ஏனுங்க உபதேசியாரே, பொட்டி வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். புதுப்பெட்டியும் வந்து சேரவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனதால் சேலத்திலிருந்து வாங்கி வரவும் வழியில்லை. அதனால் அவர்கள் கல்யாணத்துக்கு விரித்த பவானி ஜமுக்காளத்தில் செல்வமேரியைக் கிடத்தி, நாலு முனையை நாலு பேர் பிடித்துத் தூக்கினோம். ஒரு முனை என் கையில் இருந்தது. இறக்கத்தில் துணி ஈரமேறித் தொய்ந்து, அந்த அம்மாளின் குதிகால் சேற்றில் இழுபட்டது. ஆரோக்கியதாஸ் குனிந்து அந்தக் காலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கல்லறை வரை குனிந்தபடியே வந்தார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அதன் பின்பு தை மாதம் சென்னைக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பிக் கேட்டேன். நான் மனதாரக் கொடுத்தது, இனிக் கலைக்கூடத்தின் சொத்து என்று நல்லமுத்து சொன்னார். நான் அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஜமுக்காளம் இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் அதையும் வைத்தால் இரண்டு பேர் பெயரையும் எழுதலாம் என்றார். நான் ஆரோக்கியதாஸ் வீட்டுக்கு வழி சொன்னேன்.

அதன் பின்பு நேற்றுக் காலை நல்லமுத்து காரில் வந்து ஆரோக்கியதாஸ் வீட்டு வாசலில் நின்று, கோயில் பெட்டி தங்களிடம் இருப்பதாகவும் ஜமுக்காளத்தையும் தரவேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். ஆரோக்கியதாஸ் ஓடிவந்து என்னைத் தனியே இழுத்து, "நம்ம பொட்டி எப்படீங்க அவிய கைக்குப் போச்சு?" என்றார். "திருடிட்டுப் போயிட்டாங்க சாமி" என்றேன். அவர் அதை நம்பினார். நம்பித்தான் கல்லை எடுத்தார். திருட்டு எதுவும் நடக்கவில்லை. அந்தக் கல் என் மண்டைக்கு வந்திருக்க வேண்டும்.

ஜீப்பில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்த்து, "நா உள்ள கெடந்தாலும் பரவால்லீங்க, பொட்டிய மட்டும் எப்படியாச்சும் மீட்டுப்போடுங்க. நொம்பப் புண்ணியமாப் போகுமுங்க" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆகவே, எழுதியதை அவரை எதிரில் உட்காரவைத்து வாசிக்கும்படி இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் கேட்டுக்கொண்டேன்.

அவ்வாறே வாசிக்கப்பட்டது. நான் கேட்டேன், ஆரோக்கியதாஸும் கேட்டார். சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ம. அருள்சாமி