சந்தை வருஷமும் கிணற்று வருஷமும்

“ஹலோ... ஓம், சொல்லும் பிள்ளை... ஓம் ஓம், கேக்குது. எங்கை நிக்கிறீர்? உது என்ன சத்தம்?”

சிவகௌரி கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, புட்டு மா ஒட்டிய கையைக் கழுவினாள். தர்சிகா நின்றது மருதனார்மடச் சந்தியில், ஒரு போட்டோக் கொப்பிக் கடைக்குள். மெசின் ஓடுகிற சத்தம் பேச்சுக்குப் பின்னால் விடாமல் கேட்டது.

“எதைக் கொப்பி அடிக்கிறீர்?... ஓம்... ஓம்... நாளைக்கோ? உதை ஆர் சொன்னது?... உதயகலா மேடமோ... என்ன, எல்லாச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குமோ?”

அடுப்பைக் குறைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தாள். இந்தப் பிள்ளையிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று முந்தநாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கப் போகும்போதெல்லாம் யாராவது வந்து நிற்பார்கள். வீட்டுக்கு வந்தால் உடம்பு கெஞ்சும். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப் போட்ட விஷயம், இப்போது தானாகவே தேடி வந்து காதுக்குள் நிற்கிறது.

புத்தூர்ப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள் சிவகௌரி. இந்தத் தைமாதத்திலிருந்து ஆரம்பப் பிரிவின் பொறுப்பும் அவள் தலையில்தான். பொறுப்பு என்று வந்த பிறகு கதிரையும் மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை, கோப்புகள் மட்டும் கூடின. தர்சிகா அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பையும் நாலாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் படிப்பிக்கிற இளம் ஆசிரியை. பிள்ளைகள் குறைந்த இடத்தில் அப்படித்தான் நடக்கும். ஒரு கரும்பலகை, ஒரு ரீச்சர், இரண்டு வகுப்பு.

“என்ரை பேரோ?... பொறுப்பாசிரியர் எண்டு கீழை போடவோ?... வேண்டாம் பிள்ளை, என்ரை பேர் வேண்டாம்... இல்லையில்லை, கோவம் ஒண்டும் இல்லை... தர்சிகா, உந்த மெசினை ஒருக்கா நிப்பாட்டச் சொல்லும்... இல்லை, சொல்லும் எண்டுறன்.”

மெசின் நிற்கவில்லை. மறுமுனையில் அவ்வளவு சந்தோசம். நிற்கச் சொன்னது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

சந்தோசப்படாமல் எப்படி இருப்பாள். வலயக் கல்வி அலுவலகத்து ஆசிரிய ஆலோசகர் உதயகலா போன வருஷம் இவளுடைய வகுப்புக்கு வந்து பார்த்துவிட்டு வாய் பிளந்து நின்றவர். கேள்வி முடியுமுன் நாலாம் வகுப்பு முழுக்கக் கை தூக்குகிறது. தவணைப் பரீட்சையில் ஒருவர்கூடத் தவறவில்லை. வேறு பள்ளிக்கூடத்து ஆசிரியர்களையும் கூட்டிவந்து பின்வாங்கில் இருத்திப் படிப்பித்தலைப் பார்க்கவைத்தார். முதல் நியமனத்தில் வந்த பிள்ளை, அலுவலகத்தில் இவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்த வகுப்பின் ஆண்டுத் திட்டத்தைத்தான் நாளைக் கூட்டத்தில் எல்லாச் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுக்கப் போகிறார்களாம்.

ஆண்டுத் திட்டம் என்பது வழக்கமாகத் தையில் எழுதப்பட்டு, மாசியில் கையெழுத்தாகி, பங்குனியில் அலுமாரிக்குள் நித்திரைக்குப் போகிற சாமான். அதனால் எவருக்கும் கெடுதல் வந்ததாகச் சரித்திரமில்லை. அப்படியான ஒன்றை ஒரு பிள்ளை வரிக்கு வரி நம்பிப் படிப்பித்ததால்தான் இவ்வளவும் வந்தது என்று நினைக்கச் சிவகௌரிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

“பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். கோவிக்காமல் சொல்லும். உந்தத் திட்டம் ஆரிட்டை எடுத்தனீர்?... ஓம், ஐரிஸ் ரீச்சரின்ரை. அது தெரியும்... அவா மாற்றலாகிப் போகேக்கை உமக்கு வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?... ஓம்... ஓம், அவசரத்திலைதான் போனவா.”

ஐரிஸ் ரீச்சர் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நடுவில் பருத்தித்துறைக்கு மாற்றலாகிப் போனவர். திங்கட்கிழமை கடிதம் வந்தது, புதன்கிழமை ஆள் அங்கே. அதற்கு முன்னம் பத்து வருஷத்துக்கு மேலாக அந்த இரட்டை வகுப்பை நடத்தியது அவர்தான். அவருக்கு ஒரு முறை இருந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் தனித்தனியாக ஓடித் திரியாமல், இரண்டு வகுப்புப் பாடத்தையும் ஒன்றாகக் கலந்து, இரண்டு வருஷத்துக்குப் பிரித்து வைத்திருந்தார். ஒரு வருஷம் சந்தை வருஷம். சுற்றாடல் பாடத்தில் சந்தை, கணிதத்தில் காசும் நிறையும் கூட்டலும் கழித்தலும், தமிழில் விற்கிறவரும் வாங்குகிறவரும் கதைக்கிற உரையாடல், முடிவில் எல்லோரும் மருதனார்மடச் சந்தைக்குப் போய் வருவது. அடுத்த வருஷம் கிணற்று வருஷம். மழை, நிலத்தடித் தண்ணீர், கொள்ளளவு, வகுத்தல், பின்னம், கடிதம் எழுதுதல், முடிவில் நிலாவரைக் கிணற்றடி. மூன்றாம் வகுப்புக்கு வருகிற பிள்ளை எந்த வருஷத்தில் வந்தாலும், அறையை விட்டுப் போகும்போது இரண்டையும் படித்துவிட்டுத்தான் போகும்.

இந்த இரண்டு வருஷச் சுற்று ஐரிஸ் ரீச்சரின் தலைக்குள் இருந்தது. தலை பருத்தித்துறைக்குப் போய்விட்டது. தர்சிகா வந்தபோது சந்தை வருஷத்தின் நடுப்பகுதி. கையில் கிடைத்த திட்டத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வருஷத்தை முடித்தாள். அடுத்த வருஷம் அதையே தூசி தட்டி, வடிவான எழுத்தில் எழுதி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். அலுவலகத்தில் முன்னமே சரி பார்த்த திட்டம் என்றபடியால், அதிபரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார்.

சிவகௌரி இதை ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னாள். நடுவில் பல தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

“...ஓம், சொல்லுறன், பொறும்... இல்லை, நான் கற்பனை பண்ணிச் சொல்லேல்லை. நேற்று ஐரிஸ் ரீச்சரோடை கதைச்சனான். முதல் சிரிச்சவா, பிறகு தாளும் பேனையும் எடுக்கச் சொன்னவா... ஓம்... ஓம் பிள்ளை, உம்மடை நாலாம் வகுப்பு கெட்டிக்காரர்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அவை அவ்வளவு கெதியாச் சொன்னது ஏனெண்டா, அதுக்கு முதல் வருஷமும் அதையேதான் படிச்சவை.”

மெசின் மட்டும் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்த நாலாம் வகுப்புத்தான் இப்போது சிவகௌரியிடம் ஐந்தாம் வகுப்பாக வந்திருக்கிறது. முதல் கிழமையில் கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கு எழுதிப் போட்டாள். பிள்ளைகள் திகதி போட்டு, அடிக்கோடு கீறி, கணக்கை அச்சடித்ததுபோல எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். செய்யுங்கோ என்றாள். என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கத்தரிக்காயை எப்படிப் பேரம் பேசுவது, எந்த வியாபாரி பச்சைமிளகாயை ஒரு பிடி கூடப் போடுவார் என்பதெல்லாம் கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார்கள். கடைசியில் ஆரபி என்ற பிள்ளை எழும்பி, இந்த வருஷம் சந்தைக்கு எப்போது போகிறது என்று கேட்டாள். ஒவ்வொரு வருஷமும் சந்தைக்குப் போவதுதான் பள்ளிக்கூடம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். சிவகௌரி சோக்கட்டியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தவள், மணி அடிக்கும்வரை எழும்பவில்லை.

“...அழாதேயும்... இல்லை, நீர் பிழை விட்டனீர் எண்டு ஆர் சொன்னது? ஒருத்தரும் சொல்லித் தராமல் உமக்கு எப்பிடித் தெரியும்... ஓம்... ஓம், நாங்கள் எல்லாரும்தான். பார்த்துக் கையெழுத்து வைச்சவை, பின்வாங்கிலை இருந்து கைதட்டினவை, எல்லாரும்தான்... என்ன?... இல்லைப் பிள்ளை. அது ஏலாது.”

கூட்டம் முடியட்டும், நாளை ஒரு நாள் போகட்டும், பிறகு ஆருக்கும் தெரியாமல் திருத்துவோம் என்கிற யோசனை சிவகௌரிக்கும் வராமல் இல்லை. கூட்டம் பற்றித் தெரியுமுன்னமே, சத்தமில்லாமல் திருத்துவோம் என்றுதான் முந்தநாள் இரவு படுக்கையில் அவளும் நினைத்தாள். களைத்த மனிசருக்கு முதலில் வருகிற யோசனை அதுதான்.

“நாளைக்குக் குடுத்தா, அந்தத் தாள் எங்கையெல்லாம் போகும் எண்டு யோசியும். அங்கையும் உம்மைப் போலை ஒரு பிள்ளை இருக்கும். வரிக்கு வரி நம்பும்... ஓம்... அது மட்டுமில்லை. உம்மட்டை இப்ப நாலாம் வகுப்பிலை இருக்கிற பிள்ளையள் போன வருஷம் சந்தை படிச்சவை. இந்த வருஷம் என்ன தொடங்கினனீர்?... ம்... திருப்பியும் சந்தைதான். பாத்தீரோ.”

இப்போது அந்தப் பக்கம் கோபம் வந்தது. அந்தப் பிள்ளையின் கோபத்தில் நியாயம் இருந்தபடியால், சிவகௌரி வாயை மூடிக்கொண்டு கேட்டாள். இடைக்கிடை ஓம் ஓம் என்றாள். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் தனக்கு ஒன்றும் காட்டித் தரவில்லை என்பதும், பாராட்ட மட்டும் எல்லோரும் வந்தார்கள் என்பதும் உண்மைதான். அவளுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. இருபது வருஷமாகத் திட்டம், மாற்றுத்திட்டம், புதுத்திட்டம் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் பிள்ளை எங்கே நிற்கிறது என்று நிரப்ப ஒரு பெட்டி மட்டும் இருக்கவில்லை.

“...ஓம், எனக்கும் கரைச்சல்தான். அதிபர் சேர் அஞ்சாம் வகுப்பை வாசலைத் தாண்டக் கூடாதெண்டு சொல்லிப் போட்டார். புலமைப்பரிசில் சோதினை முடியுமட்டும் பழைய வினாத்தாள் மட்டும்தானாம். மேசை முழுக்க அதுதான் கிடக்கு. வகுக்கத் தெரியாத பிள்ளைக்கு நான் எந்த வினாத்தாளைக் குடுக்க?... நான் முதல் தவணை முழுக்கக் கிணத்துப் பாடம்தான் படிப்பிக்கப் போறன். தாய் தேப்பனுக்கு நானே சொல்லுறன். பெறுபேறு வரேக்கை என்னைத்தான் கேப்பினம். கேக்கட்டும்.”

பிறகு தன் யோசனையைச் சொன்னாள். கிணற்று வருஷத்தின் பாடங்களை ஐரிஸ் ரீச்சர் தொலைபேசியில் சொல்லச் சொல்லக் குறித்து வைத்திருக்கிறாள். தர்சிகா இப்போதே ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்தால், இருவரும் இருந்து இரண்டு வருஷத் திட்டத்தையும் ஒன்றாக எழுதலாம். நாளைக்கு அந்த இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். ஏன் இரண்டு என்று கேட்பார்கள். நடந்ததைச் சொல்ல வேண்டியதுதான்.

“நான் பக்கத்திலை இருப்பன். ஆனா சொல்லவேண்டியது நீர்... ஓம், கஷ்டம்தான்... ஓம், அத்தினை பேருக்கு முன்னாலைதான்... ஏலாதெண்டு சொல்லாதேயும்... தர்சிகா... ஹலோ... நான் சொல்லுறதைக் கேளும்.”

மெசின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளை கடைக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளாம். சிவகௌரி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு விஷயத்தை அவள் இதுவரைக்கும் வெளியே விடவில்லை. சொன்னால் இந்தப் பெட்டைக்கு எவ்வளவு நோகும் என்று தெரியும். சொல்லாமல் தப்பலாம் என்றுதான் இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்துப் பேசினாள்.

“பிள்ளை, நான் ஆரபியைக் கேட்டனான். ஒரே பாடம் ரெண்டாந்தரம் வரேக்கை, ஏன் நீங்கள் ஒருத்தரும் ரீச்சருக்குச் சொல்லேல்லை எண்டு... தெரியும் பிள்ளை, அவைக்குத் தெரியும். முதல் நாளே தெரியுமாம்... அவள் சொல்லுறாள், நாங்கள் கெதியா மறுமொழி சொல்ல ரீச்சருக்குச் சரியான சந்தோசம், போன வருஷமும் இதுதான் படிச்சனாங்கள் எண்டு சொன்னா ரீச்சர் கவலைப்படுவா, அதாலை ஒருத்தரும் சொல்லுறேல்லை எண்டு கதைச்சு வைச்சனாங்கள் எண்டு.”

மெசின் இன்னும் சில தாள்களைத் தள்ளியது. பிறகு நின்றுபோயிற்று. சந்தியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது தெளிவாகக் கேட்டது.

“...ஹலோ... நிக்கிறீரோ?... ஓம்... ஓம்... உரும்பிராய் றோட்டாலை வாரும். மெல்ல ஓடும், கண்ணைத் துடைச்சிட்டு ஓடும்... என்ன? திருப்பிச் சொல்லும்... ஆர், என்ரை அஞ்சாம் வகுப்போ?”

சிவகௌரி மேசையைப் பார்த்தாள். பழைய வினாத்தாள்கள் அவளுடைய முழங்கை உயரத்துக்குக் கிடந்தன. தர்சிகா நிலாவரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற நாளில், தான் கிணறு காட்டாமல் அனுப்பிய அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போக வேண்டுமாம்.

“...ஓம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு போம். ஆரபியையும்... சேருக்கு நான் சொல்லுறன்... ஓம் ஓம், வாரும், வந்து கதைப்பம்... ஹலோ... ஹலோ...”

தொடர்பு அறுந்திருந்தது. சிவகௌரி அடுப்பைக் கூட்டிவிட்டு, இன்னொருவருக்கும் போதுமளவு மாவை அள்ளிக் குழைத்தாள்.