நாவலில் வந்த பொய்

ரந்தாவ் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரு குடும்ப நாவலை இருவரும் படித்திருந்தார்கள்.

“கதை பூரா பொய் லா,” என்று மூத்தவர் சொன்னதும் நான் ஹெட்செட்டைக் கழற்றினேன்.

“ஏங்க்கா, செத்துப்போன தாத்தா வருசா வருசம் வந்து சாப்பிடுறாரே, அதுவா?”

“அது நெசம்தான். நாலு தலமொறையும் ஒரே வீட்டுல இருக்காங்களே, அதுதான் பொய்.”

இளையவர் மட்டும் சிரித்தார். மூத்தவர் தொடர்ந்தார்.

“தீபாவளிக்கு, செத்துப்போன எங்கப்பாவுக்கு நான் மந்தின்ல என் வீட்டுல படைக்கிறேன், அண்ணன் சி ரூசாவுல அவரு வீட்டுல படைக்கிறாரு. எங்களுக்குள்ள பேச்சே இல்ல.”

“அப்பா யார் வீட்டுக்கு வருவாரு?”

“ரெண்டுக்கும் வரமாட்டாரு. அவருக்குத் தெரிஞ்சது நாங்கெல்லாம் ஒண்ணா இருந்த எஸ்டேட்டு லயத்து வீடுதான். அங்க போயி நிப்பாரு. அங்க இப்ப வீடு இல்ல, எண்ணெய்க்கு நட்ட செம்பனைதான் நிக்குது.”