கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் சொன்னபடி. வயது முப்பத்தெட்டு. அச்சகத்தில் டைப் செட்டிங் வேலை பார்க்கிறேன். அங்கே என்னை எல்லாரும் "குடைச்சல்" என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கை சும்மா இருக்காது. விண்டோஸ் கீயோடு ஒவ்வொரு எழுத்தாக அமுக்கி, என்ன திறக்கிறது என்று பார்ப்பேன். அப்படி ஒரு நாள் 'வி'யை அமுக்கியபோது, காப்பி செய்வதையெல்லாம் சேர்த்து வைக்கட்டுமா என்று ஒரு பெட்டி கேட்டது. சரி என்று தட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு பள்ளிப் பரீட்சைக் கேள்வித்தாள் வேலை வந்தது. அதை டைப் செய்தது நான். என் மகளும் அந்தப் பரீட்சை எழுதுகிறவள் என்பதை முதலாளியம்மாவிடம் அப்போதே சொல்லிவிட்டேன். இன்று மாலை, கேள்வித்தாள் போனில் ஊரெல்லாம் சுற்றுகிறது, அச்சக மெயிலிலிருந்துதான் போயிருக்கிறது என்று முதலாளியம்மா கத்தினார். அந்த மெயில் என் கம்ப்யூட்டரில் மட்டுமே திறந்திருக்கும். "சந்து பொந்தெல்லாம் குடையறவ நீ ஒருத்திதானே? பெத்த பொண்ணுக்காக என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்றார். நாளைக்கு என் மகளைத் திருடி என்பார்களே என்றுதான் பயந்தேன்.

அதன் பிறகு விண்டோஸ், வி இரண்டையும் அமுக்கினேன். இன்று காப்பி செய்ததெல்லாம் வரிசையாக வந்தது. எங்கள் தமிழ் கீபோர்டு மெயிலில் ஒழுங்காக வராது. வேறு பக்கத்தில் டைப் செய்து, காப்பி பண்ணித்தான் ஒட்ட வேண்டும். கேள்வித்தாளுக்கு மேலே ஒரு வரி இருந்தது. "மாப்ள, இதான் பேப்பர். அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா." நான் யாரையும் மாப்ள என்று கூப்பிடுகிறவள் இல்லை. மதியம் நான் சாப்பிடப் போனபோது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது முதலாளியம்மாவின் தம்பி.

அந்த வரியின் ஓரத்தில் குண்டூசிப் படம் உண்டு. அதைத் தட்டினால்தான் கம்ப்யூட்டரை அணைத்தாலும் வரி நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும். தட்டப் போவதற்குள், முதலாளியம்மா போன் செய்து வரவழைத்த போலீஸ்காரர் பின்னால் வந்து, "கீபோர்டுலேர்ந்து கைய எடும்மா" என்று அதட்டினார். எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு ஸ்டேஷனுக்கு வந்ததும், என் கம்ப்யூட்டரை மட்டும் யாரும் அணைத்துவிட வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் கெஞ்சினேன். "ஏம்மா பதறுற? பத்திரமா ஆஃப் பண்ணித்தான் எடுத்துட்டு வந்திருக்கோம்" என்றார். இதோ, அடுத்த மேசையில்தான் இருக்கிறது. ஒயரை அழகாகச் சுருட்டிக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த வாக்குமூலத்தை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதெல்லாம் நிஜம், சொன்னபடியே எழுதியிருக்கிறது. அடுத்த மேசையைப் பார்த்துக்கொண்டே போட்டதில் கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது. அதுவும் நான் போட்டதுதான்.