பிரதமருக்கு ஒரு பக்க அறிக்கை

ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து விமான நிலையம் போகும் பேருந்தில், சுற்றிலும் தெலுங்குப் பேச்சுக்கு நடுவே, எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் தன் கணவரிடம் தமிழில் சீறினார்: "பிரதமர்கிட்டயே பொய் சொல்லப் போறீங்களா?"

கணவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெல்லப் பேசு. வெள்ள எச்சரிக்கைக் கருவி சோதனையில தோத்துப் போச்சுன்னுதான் நான் எழுதினேன். எங்க ஆய்வுக்கூட டைரக்டர் அதைப் 'பாதி வெற்றி'ன்னு மாத்தினார். டெல்லி ஆபீஸ்ல 'பாதி'யையும் எடுத்துட்டாங்க."

"நாளைக்குப் பிரதமருக்கு நேர்ல விளக்கப் போறது நீங்கதானே? சொல்லிடுங்க."

"அவர் கேட்டா சொல்லுவேன்."

"கேக்கலேன்னா?"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சைரன் அடிக்கலையே, தண்ணி வராதுன்னு நம்பி ஜனங்க வீட்டுக்குள்ளயே படுத்திருப்பாங்க. அவங்களும் உங்களை எதுவும் கேக்க மாட்டாங்க."