ஹரிராம் ஒதுக்கச் சொன்ன வளையம்

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் செல்வக்குமார் அவர்களே! முன்வரிசையில் அழுது ஓய்ந்து அமர்ந்திருக்கும் சகோதரி சூடாமணி அவர்களே! ஷிப்டு முடித்து அப்படியே வந்திருக்கும் என் தோழர்களே! மோல்டிங் பிரிவு ராயப்பனின் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் பொறியாளர் ஹரிராமைக் கம்பெனியின் தூண் என்றார்கள். நல்லது. அந்தத் தூணை ஆறு மாதத்துக்கு முன் கேட்டுக்கு வெளியே நிறுத்தியது யார்?

பிளாஸ்டிக் வாளியும் குடமும் அச்சில் அடித்துக்கொண்டிருந்த கம்பெனி இது. இங்கே ‘பீக்’ என்னும் உயர்ரகப் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தவர் ஹரிராம்! எஃகு உட்கார்ந்த இடத்தில் உட்காரும், கொதிக்கும் எண்ணெய்க்கும் அசராது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. மெல்லத்தான் ஆற வேண்டும். அதற்காக அச்சையே சுடச்சுட வைத்திருக்க வேண்டும். மெல்ல ஆறினால் சந்தன நிறத்தில் இறுகும். அவசரமாக ஆறினால் பாகு மிட்டாய் மாதிரி தேன் நிறத்தில் பளபளக்கும். சூடு பட்டால் இளகிவிடும்.

பம்பு வால்வுக்கான வளையங்களுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. குடம் அடித்த புத்தி போகுமா? அச்சுக்குள் ஓடும் சூடான எண்ணெயை நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார்கள். குடத்துக்கு அப்படித்தான் செய்வோம், சீக்கிரம் இறுகி அச்சிலிருந்து விழும். ஹரிராம் ஓடிவந்தார்.

“சார், இது குடமில்ல சார். ஓரத்தப் பாருங்க, தேன் கலர் அடிக்குது. அம்புட்டையும் ஒதுக்கிருவோம். ஓவன்ல வச்சு மெல்ல ஆறவிட்டாத் தேத்திப் பாக்கலாம். ரெண்டு நாள் குடுங்க.”

“இம்புட்டுப் பளபளப்பா இருக்கு, இதப் போயி ஒதுக்கச் சொல்றீரே! லாரி நிக்குதுய்யா!”

யார் சொன்னது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லாரி போனது. பம்பில் சூடு பட்டதும் வளையங்கள் இளகின. பழி? ஹரிராம் தலையில்! பொருளைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவர் கோட்டைவிட்டார் என்று வாடிக்கையாளரிடம் வாய் கூசாமல் சொன்னீர்கள். வேலையை விட்டும் துரத்தினீர்கள். ஆறே மாதத்தில் அவர் உயிர் போனது. மாரடைப்பு என்றார் டாக்டர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கோரிப்பாளையத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இந்தச் சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அண்ணே, நெசமாவே இவரு தப்புப் பண்ணிட்டாரா?”

கட்டிய மனைவியையே இப்படிக் கேட்க வைத்துவிட்டீர்களே, அய்யா! இல்லம்மா என்றேன். என் ஒருவன் சொல் அவருக்குப் போதவில்லை. அதனால்தான் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்: ஹரிராம் தப்புச் செய்யவில்லை!

செல்வக்குமார் அவர்களே, ஹரிராமின் படத்துக்கு முன்னால் வெல்வெட் துணி விரித்து, அவர் நினைவாக நிர்வாகம் ஒரு வளையம் வைத்திருக்கிறது. மாலை போடும்போது பார்த்தேன். தேன் நிறம்! பளபளப்பாக இருக்கிறது என்று பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆள் செத்தும் உங்களுக்கு நிறம் தெரியவில்லையே!

தோழர்களே, அச்சு சூடேறாமல் இனி ஒரு வளையம்கூட நம் கையால் அடிக்கப்படாது. தண்ணீரைத் திறக்கச் சொன்னால் மிஷினை நிறுத்துவோம். ஹரிராமுக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுதான்.

சூடாமணியம்மா, உங்கள் கணவர் அன்றைக்கு ஒதுக்கச் சொன்னதை இப்போது ஒதுக்குகிறேன். இதோ, படத்துக்கு முன்னாலிருந்து எடுத்துவிட்டேன்.

பிடியுங்கள், செல்வக்குமார் அவர்களே. இது உங்களுடையது.