விறகுப் பரணில் காய்ந்த போன்

கினிகத்தேனையில் பஸ் ஏறிய இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவளின் மடியில் ஒரு போன் கிடந்தது.

"அடுப்புக்கு மேல காயவச்சேன்க்கா" என்றாள்.

"போனையா?"

"கொழுந்து எடுக்கையில நனைஞ்சிருச்சு. வெறகு காயுற பரண்லயே வச்சுட்டேன்."

"அடி பாவி. அப்புறம்?"

"குவைத்துல வீட்டு வேல பாக்குற மக கூப்பிட்டா. எடுத்தா நெருப்பா சுடுது. அப்பிடியே காதுல வச்சேன்."

"என்ன சொன்னா?"

"'அம்மா, இந்த வீட்டுல என்னைய'ன்னா. அதோட போன் செத்துப்போச்சு."

"திருப்பி எடுக்கலியா?"

"நம்பரு இதுக்குள்ளதான் இருக்கு. பேசுவா பேசுவான்னு காதுலயே வச்சுக்கிட்டிருந்தேன்."

ஹற்றனில் அவர்கள் இறங்கும்போதுதான் பார்த்தேன். இளையவளின் வலது காது கொப்பளித்திருந்தது.