சும்மா என்றொரு ஃபைல்

— கம்ப்யூட்டர்ல இருந்த பழசு மொத்தத்தையும் திருப்பிக் குடுத்துடுங்க தம்பி, நான் பாத்துக்கறேன்.

— நல்லா இருக்கே! மொத்தத்தையும் திருப்பினா இந்த ஆஸ்பத்திரியே போன மாசத்துக்குப் போயிடும்க்கா. ஒரு மாசமா எல்லாரும் அடிச்சதெல்லாம் போயே போச்சு. உங்களுக்கு எந்த ஃபைல் வேணும்னு மட்டும் சொல்லுங்க, பேக்கப்லேர்ந்து பொறுக்கி எடுத்துத் தரேன்.

— நர்ஸுங்க டியூட்டி லிஸ்ட். நாப்பத்திரெண்டு பேரு. அதைப் பாத்துதான் அடுத்த மாசத்துக்குப் போடணும். மேட்ரன் அம்மா ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டாங்க.

— எப்ப அழிச்சீங்க?

— நான் எங்க அழிச்சேன்... சரி, அழிச்சேன். போன மாசம் லிஸ்ட் போட்டு முடிச்ச அன்னிக்கு, ஏதோ ஒரு எரிச்சல்ல ஃபோல்டரையே தூக்கிட்டேன். இதுவும் உள்ள இருந்தது மறந்தே போச்சு.

— பொறுங்க, பொறுங்க... ஆங், இருக்கு. முப்பது நாளைக்குத்தான் பேக்கப் வெச்சிருப்போம். உங்களுக்கு இன்னிக்கு முப்பதாவது நாள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு இதுவும் அழிஞ்சிடும். தப்பிச்சீங்க.

— ஐயோ, வயித்துல பால வார்த்தீங்க தம்பி!

— தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டிருக்கேன். திறந்து பாத்துக்குங்க.

— அம்மாடி! நாப்பத்திரெண்டு பேரும் அப்படியே இருக்காங்க. நீங்க நல்லா இருக்கணும். வரேன்.

— இருங்கக்கா. அந்த ஃபோல்டர்ல இன்னொண்ணும் இருக்கே. எடுக்கவா?

— எது?

— சும்மா.

— சும்மா கேட்டீங்களா?

— இல்லக்கா, ஃபைலோட பேரே 'சும்மா'.

— ஓ... அதுவா. கிடக்கட்டும் விடுங்க. மதியம் சாப்பிட்டு மிச்ச நேரத்துல ஏதோ அடிப்பேன். என்ன பண்றீங்கன்னு யாராவது கேட்டா 'சும்மா'ம்பேன். பேரும் அதையே வெச்சுட்டேன்.

— ரெண்டு வருஷமா அடிச்சிருக்கீங்க. நூத்திப்பத்து பக்கம்.

— எத்தனை பக்கமா இருந்தா என்ன தம்பி. கதைன்னு நெனச்சு எழுதினேன். வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு பக்கம் காட்டினேன். "இதை யாரு படிப்பா?"ன்னாரு. திட்டக்கூட இல்ல, டீ ஆறிடுச்சான்னு கேக்கற மாதிரி கேட்டாரு. அதான் தாங்கல. மறுநாள் வந்து ஃபோல்டரைத் தூக்கிட்டேன்.

— அஞ்சு மணிக்கு மேல கடவுளே வந்தாலும் எடுக்க முடியாதுக்கா.

— போகட்டும்.

— ஒரு க்ளிக்தான்.

— விடுங்கன்னா விடமாட்டீங்களே! உங்களுக்கு என்ன வந்துச்சு? எடுத்தாலும் அது திறக்குமோ என்னவோ.

— திறக்கும்.

— பாக்காமலே எப்படிச் சொல்றீங்க?

— ...பேக்கப் எடுத்தா மட்டும் போதாதுக்கா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஏதாவது ஒரு ஃபைலை எடுத்து, ஒழுங்கா திறக்குதான்னு பாக்கணும். அது என் வேலை.

— அதுக்கு?

— ஒரு வெள்ளிக்கிழமை கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொட்டேன். உங்களுது வந்துச்சு.

— அடப்பாவி! சரி, ஒரு தடவைதானே.

— அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணைத் திறந்துக்கிட்டே தொட்டேன்.

— தம்பி!

— தப்புதான்க்கா. திறக்குதுன்னு தெரிஞ்சதும் மூடியிருக்கணும். திட்டுங்க, மேல சொல்லணும்னாலும் சொல்லுங்க. ஒரு வருஷமா வாராவாரம் படிச்சேன். நாலு வெள்ளிக்கிழமையா புது பேக்கப்ல அந்த ஃபைலே காணோம், எனக்கு வேலையே ஓடல. உங்ககிட்ட வந்து கேக்கவும் வாய் வரல. நானே கமுக்கமா எடுத்து வெச்சிருக்கலாம். ஆனா அது உங்களுது. நீங்க சொல்லாம எடுக்க மாட்டேன்.

— நெஜமாவா... கடைசி வரைக்கும் படிச்சீங்களா?

— கடைசி எங்கக்கா இருக்கு? ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நிக்குது. பன்னெண்டு வருஷமா பேசாத அக்காவும் தங்கச்சியும் உள்ள மாட்டிக்கிட்டாங்க. தங்கச்சி வாயத் திறக்கறா. அதோட நிறுத்திட்டீங்க! என்னதான் சொன்னா அவ?

— எனக்கே இன்னும் தெரியாது தம்பி. எடுங்க அதை, எழுதிப் பாக்கறேன்.